லினக்ஸ் புதியவர்களுக்குச் சரிப்படுமா? ஒரு மாலையில் நீங்களே சோதித்துப் பாருங்கள்

"லினக்ஸ் ரொம்பக் கஷ்டமாமே, கறுப்புத் திரையில் கட்டளையெல்லாம் அடிக்கணுமாமே" என்று யாராவது கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: நேற்று கணினியில் என்னென்ன செய்தீர்கள்? மெயில் பார்த்தேன், வீடியோ பார்த்தேன், ஒரு கடிதம் அடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன், போனிலிருந்து படங்களை இறக்கிவைத்தேன். பெரும்பாலும் இதுதான் பதிலாக இருக்கும். இவ்வளவுதான் வேலை என்றால், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் உங்களுக்குத் தாராளம், அந்தக் கறுப்புத் திரையை ஒருமுறைகூடத் திறக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டலாம்.

நான் பார்த்தவரை லினக்ஸில் அதிகம் திணறுகிறவர்கள் விண்டோஸில் பத்து வருஷம் ஊறினவர்கள்தான். எது எங்கே இருக்கிறது என்று அவர்கள் விரலுக்கே தெரியும், அதனால் மறக்க வேண்டியதும் நிறைய. என் அம்மா முதன்முதலில் தொட்ட கணினியே லினக்ஸ். "படமெல்லாம் எங்கேடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாரே ஒழிய "சி டிரைவ் எங்கே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. புதியவருக்கு லினக்ஸை ஓட்டுவது சுலபம். கடினமான இடம் அதை நிறுவுவது மட்டும்தான், விண்டோஸும் அப்படித்தான், ஆனால் அது கடையிலேயே நிறுவப்பட்டு வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி நிறுவுவதற்கு முன்னால் செய்யவேண்டியதைப் பற்றித்தான்.

பின்னணி கொஞ்சம், பெயர்க் குழப்பம் தீர. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் உட்கரு மட்டும். அதற்கு மேல் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்கள், திரையில் தெரியும் மெனு, ஜன்னல்கள், உலாவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் டிஸ்ட்ரோக்கள். மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, யாரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளலாம், அதனால்தான் இத்தனை வகை. (உங்கள் கையிலிருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் உட்கருவும் லினக்ஸ்தான். ஆக நீங்கள் ஏற்கெனவே லினக்ஸ் ஆசாமி.)

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், புதிய பிராசசர் இதெல்லாம் இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மடிக்கணினிகள் ஏராளம். நீங்கள் இதைப் படிப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

முதலில்: யாருக்கு ஆகாது?

இதை நேர்மையாகப் பார்த்துவிடுவோம், இல்லையென்றால் நிறுவியபிறகு என்னைத் திட்டுவீர்கள். ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் திறந்த மென்பொருள்களை எல்லாம் எழுதுங்கள். ஃபோட்டோஷாப், பிரீமியர், ஆட்டோகேட் போன்றவற்றில் பிழைப்பு ஓடுகிறது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கிம்ப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல மென்பொருள்தான், ஆனால் ஃபோட்டோஷாப்பில் கை பழகியவருக்கு அது பதில் ஆகாது.

மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். சாதாரணக் கடிதம், சின்ன அட்டவணை என்றால் லிப்ரே ஆபிஸ் போதும், வேர்டு கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். ஆனால் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) நிறைந்த எக்செல் கோப்பை அலுவலகத்தில் பத்துப் பேரோடு பகிர்ந்து வேலை செய்பவராக இருந்தால், ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு நெடுவரிசை காலை வாரும். பிரவுசரில் ஓடும் ஆபிஸ் லினக்ஸிலும் ஓடும் என்பது ஒரு ஆறுதல். உங்கள் மேக்ரோ அதில் ஓடுமா என்று விண்டோஸில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுகளில் நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலை. 2018இல் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வந்தபிறகு விண்டோஸ் விளையாட்டுகள் நிறைய லினக்ஸில் ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் மட்டும் ஓடாது, வேலரன்ட் அந்த ரகம். ஆன்லைன் தேர்வு எழுத நிறுவச் சொல்லும் மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன் இவற்றையும் தாளில் எழுதுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்று ஒன்று உண்டு, சில வேளை அற்புதமாக வேலை செய்யும். ஆனால் புதியவர் ஒருவர் அதை நம்பி விண்டோஸை அழிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

எந்த டிஸ்ட்ரோ?

இந்தக் கேள்வியிலேயே பாதிப்பேர் ஆறு மாசம் உட்கார்ந்துவிடுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: லினக்ஸ் மின்ட், அதில் சினமன் என்ற திரையமைப்போடு வரும் பதிப்பு. கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம் என்று கண்ணுக்குப் பழகிய அமைப்பு. ரேம் 4 ஜிபி மட்டும் உள்ள பழைய கணினி என்றால் அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அது இலகுவாக ஓடும். உபுண்டு வேண்டுமென்றால் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்று குறித்திருப்பதை மட்டும் எடுங்கள். அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மின்ட்டின் முதன்மைப் பதிப்புகளும் இந்த எல்டிஎஸ் மேல்தான் கட்டப்படுகின்றன.

ஆர்ச், ஜென்டூ என்ற டிஸ்ட்ரோக்கள் கை தேர்ந்தவர்களுக்கு, அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம். காளி என்ற டிஸ்ட்ரோ வேண்டவே வேண்டாம், பார்க்க ஹேக்கர் படம் மாதிரி இருக்கிறதென்று அதை நிறுவிவிட்டு வைஃபை வரவில்லை என்று வருபவர்கள் இருக்கிறார்கள், அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. ஃப்ரீபிஎஸ்டி நல்ல திறமூல இயங்குதளம், ஆனால் முதல் கணினிக்கு ஆகாது.

கணினி எப்படி இருக்க வேண்டும்? 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கலாம். 8 ஜிபி இருந்தால் நிம்மதி, ஏனென்றால் நினைவகத்தை அதிகம் தின்பது லினக்ஸைவிட நீங்கள் திறந்துவைத்திருக்கும் இருபது டேப்கள்தான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதைப் போல வேகம் கூட்டும் வழி வேறில்லை, எந்த இயங்குதளமாக இருந்தாலும். ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்குக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

தொடுவதற்கு முன்: பேக்கப், மீட்புக் குறியீடு

படங்கள், ஆவணங்கள், உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்தபிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நான் பேக்கப் டிஸ்க்கைச் செருகியபடியே நிறுவப்போய், இரண்டு டிஸ்க்குகளில் எது எது என்று அரைத்தூக்கத்தில் பார்த்து, பேக்கப்பையே அழித்தேன். மூன்று வருஷப் படங்கள் போயின. நிறுவியின் மேல் ஒரு தப்பும் இல்லை, அது என்னை இரண்டு தடவை கேட்டது.

விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதாக இருந்தால் இன்னொரு விஷயம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கும், பலருக்கு அது தெரியவே தெரியாது. பூட் அமைப்பில், அதாவது கணினி எப்படித் தொடங்குவது என்பதில், கைவைத்தால் மறுநாள் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே தேடி எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள். அதே கையோடு விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகும்.

பென்டிரைவ் தயாரிப்பு

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது மொத்த இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள், 3 ஜிபி அளவில் இருக்கும். வேறு தளத்திலிருந்து வேண்டாம். இறக்கியபிறகு ஷா256 என்ற சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். எல்லாரும் தாண்டிப்போகிற படி இது, நானும் பல வருஷம் தாண்டியவன்தான். ஆனால் 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, இறக்கும் சுட்டியைக் கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படி மாற்றிய கோப்பைப் பிடிக்க இந்த எண் உதவலாம். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா256ஐத் தேர்ந்தெடுத்தால் எண் வந்துவிடும். அதைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும். ஐஎஸ்ஓவை அப்படியே இழுத்துப் பென்டிரைவில் போட்டால் பூட் ஆகாது, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் எழுதவேண்டும். கோப்பைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, தொடங்கு, அவ்வளவுதான்.

பூட் செய்வது

கணினியை இயக்கும்போது ஒரு விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஏதோ ஒன்று. தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். நீலத்திரையில் ஒரு பட்டியல் வரும், அதில் யூஸ் எ டிவைஸ் என்பதற்குள் பென்டிரைவ் தெரியும். எல்லாக் கணினியிலும் அந்த வரி வராது, வந்தால் வேலை மிச்சம்.

திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் இது நடக்கும், திரும்ப பூட் செய்து முதல் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை (சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு அமைப்பு) அணைக்கச் சொல்லிப் பழைய குறிப்புகள் பலவற்றில் இருக்கும். மின்ட், உபுண்டு இரண்டும் அது இயங்கும்போதே பூட் ஆகும், அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான மாலை

டெஸ்க்டாப் வந்துவிட்டது. இது பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடுகிறது, உங்கள் டிஸ்க்கை அது இன்னும் தொடவில்லை. அணைத்துப் பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். லினக்ஸ் உங்களுக்குச் சரிப்படுமா என்பதற்கு என்னுடைய கட்டுரையைவிட இந்த ஒரு மாலை நல்ல பதில் சொல்லும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், பென்டிரைவின் வேகம் அவ்வளவுதான், அதை வைத்து லினக்ஸையே எடைபோட்டுவிடாதீர்கள்.

வைஃபையில் தொடங்குங்கள். வரவில்லையா? போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும், பிறகு டிரைவர் மேனேஜர் அந்த வைஃபை சிப்புக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, காட்டுகிறதா என்று பார்க்கலாம். ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓட்டி ஒலியைக் கேளுங்கள். ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று யாரையாவது வீடியோவில் அழையுங்கள். புளூடூத், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் உருட்டல். மடிக்கணினியின் மூடியை மூடி ஐந்து நிமிஷம் கழித்துத் திறங்கள், விழிக்கிறதா? இதை யாரும் சோதிப்பதில்லை, பிறகு இதில்தான் அதிகம் புலம்புவார்கள். பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிடுங்கள். வைஃபையில் ஓடும் இப்போதைய பிரிண்டர்கள் பலவும் தனி டிரைவர் இல்லாமலே வந்துவிடும். கைரேகை உணரி வேலை செய்யாமல் போகலாம், அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் இப்படி நோண்டியபிறகு உங்களுக்கே ஒரு எண்ணம் வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் ஒரு மாலைப்பொழுதுதான்.

நிறுவுதல்

சரி, பிடித்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் படத்தைச் சொடுக்குங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்றால் டிக் போடுங்கள், வீடியோக்கள் ஓட அது உதவும். அடுத்து வரும் திரையில் மட்டும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். விண்டோஸோடு சேர்த்து நிறுவுவது ஒரு வழி, டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டு நிறுவுவது இன்னொரு வழி. மூன்றாவதாக இருப்பது பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பகுதிகளை) நாமே பிரிப்பது, அது இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

இரண்டும் வேண்டுமென்றால், விண்டோஸ் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குள்ளிருந்தே, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்கி 60 ஜிபியாவது காலியாக விட்டுவிட்டு வாருங்கள், அதுதான் பத்திரம். நிறுவியின் பட்டியலில் உங்கள் டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது ஆர்எஸ்டி என்று ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகும், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். விவரம் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது.

பழைய கணினி, பேக்கப் எடுத்தாயிற்று, விண்டோஸ் தேவையே இல்லை என்றால் முழுசாக அழித்துவிடுங்கள். புதியவருக்கு இரட்டை பூட்டைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி. இரண்டு இருந்தால் சின்னச் சிக்கல் வரும்போதெல்லாம் விண்டோஸுக்கே ஓடிவிடுவோம், கடிகாரம்கூட மாறி மாறித் தப்பாகக் காட்டும் (விண்டோஸ் கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, அதுதான் காரணம்).

கடைசியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். மறந்தால் வம்பு, ஏனென்றால் மென்பொருள் நிறுவும்போதெல்லாம் இதைத்தான் கேட்கும்.

முதல் வாரம்

பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் முதல் வேலை டைம்ஷிஃப்ட். மின்ட்டிலேயே இருக்கிறது. இயங்குதளத்தின் இப்போதைய நிலையை நகல் எடுத்துவைக்கும், பிறகு ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் படங்களை அது வழக்கமாகக் காப்பாற்றாது, அதற்கு அந்த அலமாரி டிஸ்க்தான். அடுத்து அப்டேட் மேனேஜரைத் திறந்து வருவதையெல்லாம் ஏற்றுங்கள். பாதி வேலையில் கணினி தானே அணைந்து அப்டேட் ஆகும் தொல்லை இங்கே இல்லை, எப்போது ரீஸ்டார்ட் என்பது உங்கள் இஷ்டம்.

என்விடியா இருந்தால் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைத்ததை நிறுவுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் இடையில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், மறுபடி பூட் ஆகும்போது நீலத்திரை வரும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். பயந்துபோய் கன்டினியூ அழுத்திவிட்டால் டிரைவர் ஏறாது.

மென்பொருள் வேண்டுமென்றால் பிரவுசரில் தேடி இறக்கும் பழக்கத்தை விடுங்கள். இறக்கிய எக்ஸி கோப்பை இரட்டை கிளிக் செய்தாலும் இங்கே ஓடாது. சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து பெயரைத் தட்டினால் போதும், போனில் செய்வது மாதிரியேதான். இந்த இடத்தில் போன் மட்டுமே பழகியவருக்கு விண்டோஸ்காரரைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

தமிழ் தட்டச்சு: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் (பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்), அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, இன்புட் மெத்தடாக ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் இருக்கும், பழகியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் லதா, நிர்மலா எழுத்துருக்களில் அடித்த கோப்பு இங்கே நோட்டோ அல்லது லோஹித்தில் தெரியும், எழுத்து கெடாது, ஆனால் பக்க அளவு கொஞ்சம் முன்பின் நகரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும், ஒருவழியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

அந்தக் கறுப்புத் திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் டெர்மினல். உதவி தேடினால் பலரும் "இந்த வரியை அதில் ஒட்டுங்கள்" என்பார்கள், ஏனென்றால் மெனு படங்களை விளக்குவதைவிட அது சுருக்கம். சூடோ என்று தொடங்கும் வரி, நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும். என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டாதீர்கள், அதுவும் எப்போதோ எழுதிய பழைய குறிப்பிலிருந்து. பாஸ்வேர்டு கேட்கும்போது அடித்தால் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து நானே முதல் நாள் கணினியை அணைத்திருக்கிறேன். தெரியாவிட்டாலும் அடித்து என்டர் தட்டுங்கள்.

வைரஸ் தடுப்பு நிறுவ வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வீட்டுக் கணினிக்குத் தேவைப்படாது. ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

எங்காவது சிக்கிக்கொண்டால் டிஸ்ட்ரோ பெயர், பதிப்பு எண், திரையில் வந்த பிழை வாசகம் மூன்றையும் அப்படியே தட்டித் தேடுங்கள். "லினக்ஸ் வேலை செய்யவில்லை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நிறுவிய அந்தப் பென்டிரைவை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். என்றாவது ஒருநாள் வீட்டிலோ நண்பரிடமோ விண்டோஸ் பூட் ஆகாமல் கிடக்கும்போது இதைச் செருகி பூட் செய்து, டிஸ்க் உயிரோடு இருந்தால், பிட்லாக்கர் பூட்டியிருந்தாலும் மீட்பு எண் கையில் இருந்தால், உள்ளே இருக்கும் படங்களை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடலாம்.